தாய்மண்ணும் மகளிரும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப விழைந்தார் சுப்பிரமணிய சிவா. 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். ஆனால், மண்ணைத் தாயென்று வணங்கினால் மட்டும் போதுமா?

மியாசாகி ஹயாவோ 1997-இல் ஆக்கிய ‘இளவரசி மோனோனோக்கே’ என்னும் ஜப்பானியச் சித்திரப்படம் இவ்வினாவை எழுப்புகிறது. அதில் ஓநாய் வளர்த்த சான் என்னும் பெண் காட்டுக்காகப் போரிடுகிறாள். எபோஷி என்பாளோ, விற்கப்பட்ட மகளிரை மீட்டு வாழ்வளிக்கிறாள். ஆயினும் இரும்பு உலைக்காகக் காட்டை அழிக்கிறாள்.

இதற்கு மறுதலையாக, 1992-இல் இதே மாவட்டத்து வாச்சாத்தியில், சந்தனக் கடத்தலைத் தடுக்கச் சென்ற அரசு ஊழியர் பழங்குடி மகளிர்க்குப் பாலியல் கொடுமை இழைத்தனர். 2011-இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

பெண்ணை வாழ்விக்கக் காட்டை அழிப்பதும், காட்டின் பெயரால் பெண்ணை வதைப்பதும் பிழையே. இரண்டையும் ஒருங்கே காப்பதே தாய்மண் வழிபாடு என்பேன்.