திருடன் பிறக்கிறானா?



ஓர் ஊரில் ஒரு வீட்டுப் பித்தளைக் குடம் காணாமல் போகிறது. வீட்டுக்கார அம்மா கூச்சல் போடுகிறார். அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். எடுத்தவரை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் ஒருவர் சொல்கிறார்: "ஊர்க் கோடியில் கூடாரம் போட்டிருக்கிறார்களே, அவர்கள் வேலையாகத்தான் இருக்கும்." இன்னொருவர் தலையாட்டுகிறார்: "அது அவர்கள் ரத்தத்திலேயே ஊறியது."

கூடாரத்து மக்களை அன்றே ஊரைவிட்டு விரட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்துக் குடம் கிடைத்துவிடுகிறது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு இரவல் போயிருந்ததாம்!

இது கற்பனைக் கதைதான். ஆனால் இதுபோல நடக்காத வட்டாரம் குறைவு. "ரத்தத்தில் ஊறியது" என்கிறோமே, அது உண்மையா? மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்? இந்தக் கேள்வியை அறிஞர்கள் 250 ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்குக் குற்றவியல் என்று பெயர்.

கூட்டிக் கழித்துப் பார்க்கும் மனிதன்

முன்காலத்தில் ஐரோப்பாவில் குற்றம் என்றால் பாவம், பேயின் வேலை என்று பலரும் நம்பினார்கள். பிடிபட்டவரைச் சித்திரவதை செய்து உண்மையை வரவழைத்தார்கள். வலி தாங்காதவர் செய்யாததையும் செய்தேன் என்றார்.

இதை எதிர்த்து எழுதியவர் இத்தாலி நாட்டின் மிலான் நகரைச் சேர்ந்த பெக்காரியா. அவருடைய நூல் 1764-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 26. சித்திரவதை கூடாது, மரண தண்டனை கூடாது, குற்றத்தின் அளவுக்கே தண்டனை இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். கொடிய தண்டனையைவிட, தப்பாமல் உடனே கிடைக்கும் தண்டனையே குற்றத்தைத் தடுக்கும் என்றார். இங்கிலாந்தைச் சேர்ந்த பெந்தாமும் இதே வழியில் சிந்தித்தார். மனிதன் லாப நஷ்டம் பார்த்தே செயல்படுகிறான். குற்றத்தால் வரும் இன்பத்தைவிடத் துன்பம் கூடுதலாக இருந்தால் செய்யமாட்டான் என்பது அவர் கருத்து.

இதில் உண்மை உண்டு. ஆனால் குடிபோதையில் கத்தியை எடுப்பவன் கணக்குப் பார்க்கிறானா? பசியால் ரொட்டியை எடுக்கும் சிறுவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறானா? ஆகவே வேறு காரணங்களையும் தேட வேண்டியிருந்தது.

மண்டையை அளந்தவர்

அப்படித் தேடியவர்களில் ஒருவர் லொம்புரோசோ. இவரும் இத்தாலிக்காரர், மருத்துவர். சிறைக் கைதிகளின் மண்டை, தாடை, காது, கை எல்லாவற்றையும் அளந்தார். பெரிய தாடையும், புடைத்த காதும், நீண்ட கையும் உள்ளவர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்றார். அவர் நூல் 1876-ல் வந்தது. பலரும் அதை நம்பினார்கள்.

கோரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். சுமார் 3,000 கைதிகளை அளந்தார். கைதிகள் அல்லாதவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார். 1913-ல் முடிவை வெளியிட்டார். குற்றவாளிக்கென்று தனி முகமோ தனி மண்டையோ இல்லை என்று தெரிந்தது. லொம்புரோசோகூடத் தம் பிற்காலத்தில், வறுமை, சூழ்நிலை போன்ற காரணங்களும் உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

இந்த நம்பிக்கை இந்தியாவில் ஏட்டோடு நிற்கவில்லை. சட்டமாகவே வந்து உட்கார்ந்தது.

பிறந்த குழந்தையும் குற்றவாளி

1871-ல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அப்போது அதிகாரிகள் சொன்ன நியாயம் இதுதான்: இந்தியாவில் தொழில் சாதிப்படி வருகிறது. நெசவாளி மகன் நெசவாளி. தச்சர் மகன் தச்சர். அதுபோலத் திருட்டையே குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருக்கின்றன.

முதலில் வட இந்தியாவில் இந்தச் சட்டம் வந்தது. 1911-ல் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் விரிந்தது. அரசு ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தால் போதும். அது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அந்தச் சாதியார் பெயரைப் பதிய வேண்டும். கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1897-ல் வந்த திருத்தம் இன்னும் கொடியது. 4 வயது முதல் 18 வயது வரையுள்ள சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்பில் வைக்க அது அதிகாரம் கொடுத்தது. நான்கு வயதுப் பிள்ளை என்ன குற்றம் செய்திருக்கும்?

தமிழ்நாட்டில் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள்.

உப்பு சுமந்த மாடுகள்

குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலர் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பஞ்சாரா மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் லம்பாடிகள் என்கிறோம். பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடு முழுவதும் கொண்டுபோய் விற்றவர்கள் இவர்கள். தெற்கே உப்புக் குறவர்களும் இதே வியாபாரம் செய்தார்கள். சாலையே இல்லாத ஊர்களுக்கும் உப்பு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இவர்களே.

ரயில் வந்தது. மூட்டைகள் ரயிலில் ஏறின. உப்பை அரசு தன் கைக்குள் கொண்டுவந்து வரி போட்டது. 1878-ல் வந்த வனச் சட்டம் காட்டின் பெரும் பகுதியைப் பூட்டியது. மேய்ச்சல் போயிற்று. விறகும் மூங்கிலும் போயின. நிலமும் இல்லை, தொழிலும் இல்லை. ஊர் ஊராய் அலைந்தவர்களை, நிலையான முகவரி இல்லாதவர்கள் என்று அரசு சந்தேகித்தது.

பிழைப்பைப் பறித்தார்கள். பிறகு, பிழைப்பில்லாதவன் திருடன் என்றார்கள். அதற்கும் பிறகு, திருட்டு அவன் ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள்.

சிகாகோ நகரம் காட்டிய உண்மை

ரத்தம்தான் காரணமா என்பதற்கு அமெரிக்காவிலிருந்து நல்ல பதில் கிடைத்தது. ஷா, மெக்கே என்ற இரு அறிஞர்கள் சிகாகோ நகரில் ஆராய்ச்சி செய்தார்கள். நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களின் வீடுகளை நகர வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்தார்கள். தொழிற்சாலைகளை ஒட்டிய, இடிந்த வீடுகள் நிறைந்த பகுதிகளில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன.

அந்தப் பகுதிகளில் முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர் குடியிருந்தார்கள். அவர்கள் முன்னேறி வேறு இடம் போனார்கள். பிறகு போலந்துக்காரர், இத்தாலியர் வந்தார்கள். குடியிருந்த இனம் மாறியது. குற்றத்தின் அளவு அதே இடத்தில் அப்படியே இருந்தது. வெளியேறிப் போனவர்களின் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்தது. குற்றம் ரத்தத்தில் இருந்திருந்தால் அவர்களோடு சேர்ந்து அதுவும் போயிருக்க வேண்டுமல்லவா?

மற்றவர்கள் சொன்ன காரணங்கள்

1938-ல் மெர்ட்டன் என்பவர் வேறொரு காரணம் சொன்னார். பணம் சேர், பெரிய ஆளாகு என்று சமூகம் எல்லோருக்கும் ஆசை காட்டுகிறது. ஆனால் நேர்வழியை எல்லோருக்கும் திறந்து விடுவதில்லை. வழி அடைபட்டவர்களில் சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள் என்றார் அவர்.

குற்றம் கற்றுக்கொள்வது என்றார் சதர்லாந்து. மொழியைக் கற்பதுபோல, பழகும் கூட்டத்திலிருந்து குற்றத்தையும் மனிதன் கற்கிறான். ஏழைதான் குற்றம் செய்வான் என்ற பேச்சையும் அவர் உடைத்தார். 70 பெரிய கம்பெனிகளின் சட்ட மீறல்களைத் தொகுத்து 1949-ல் நூலாக்கினார். வெள்ளைச் சட்டைக்காரர் செய்யும் குற்றம் என்று அதற்குப் பெயர் வைத்தார். கள்ளக் கணக்கு எழுதுபவரையும், கலப்படம் செய்பவரையும் யாரும் குற்றப் பரம்பரை என்று சொல்வதில்லை.

1969-ல் ஹிர்ஷி கேள்வியைத் திருப்பிப் போட்டார். பெரும்பாலோர் ஏன் குற்றம் செய்வதில்லை என்று கேட்டார். தாய் தகப்பன் பாசம், பள்ளி, வேலை, நம்பிக்கை ஆகியவை மனிதனைக் கட்டி வைக்கின்றன. அந்தக் கட்டு அறுந்தால் ஆபத்து என்றார்.

1963-ல் பெக்கர் சொன்னது முத்திரையைப் பற்றி. ஒருவனைத் திருடன் என்று ஊரே சொன்னால், அவனுக்கு வேலை கிடைக்காது. நல்லவர் பழகமாட்டார். கடைசியில் அந்தப் பெயர்தான் அவனுக்கு மிஞ்சும்.

குற்றத்துக்கு ஒரே காரணம் இல்லை. மனநிலை, கோபம், குடி, வளர்ப்பு, வறுமை, சேர்க்கை என்று பல சேர்கின்றன. காரணத்தை அறிவது குற்றத்தை நியாயப்படுத்துவது ஆகாது. பறிகொடுத்தவரின் துயரம் உண்மையானது. செய்தவர் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் செய்தவர்தான் பொறுப்பு. அவர் சாதி அல்ல.

முத்திரை அழிந்ததா?

நாடு விடுதலை பெற்ற பின் 1952 ஆகஸ்டு 31 அன்று குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது. அந்த மக்கள் சீர்மரபினர் ஆனார்கள். வடக்கே விமுக்தர், அதாவது விடுதலை பெற்றவர் என்கிறார்கள். ஆனால் பல மாநிலங்களில் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு சட்டம் வந்தது. பழைய சந்தேகம் போகவில்லை.

1998-ல் மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்தில் ஒரு சபர் இன இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் மற்றவர்களும் நீதி கேட்டுப் போராடினார்கள். நீதிமன்றம் அவர் மனைவிக்கு இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

அந்தச் செய்தி குஜராத்துக்கும் போனது. அகமதாபாத்தில் சாராநகர் என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாழும் சாரா மக்களும் ஒரு காலத்தில் முத்திரை குத்தப்பட்டவர்களே. 1998-ல் அங்கே ஒரு நூலகம் தொடங்கினார்கள். படிக்க வந்த இளைஞர்கள், இறந்த அந்த இளைஞரின் கதையை நாடகமாக்கி நடித்தார்கள். அந்தக் குழு புதன் நாடகக் குழு என்று பெயர் பெற்றது. திருடர் பேட்டை என்று ஏசப்பட்ட இடத்திலிருந்து நடிகர்கள் வந்தார்கள்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. சிறையில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள் செல்லாது என்றது. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகளுக்குப் பின்னும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

யாரைக் கைது செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வக்கீலிடம் பேச அனுமதிக்க வேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு தரும் உரிமைகள். காவலில் இருப்பவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

காணாமல் போன அந்தக் குடத்துக்கு வருவோம். குடம் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. விரட்டப்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்களில் ஒரு குழந்தை அந்த ஊர்ப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தால் என்ன ஆகும்? அதன் படிப்பு அன்றோடு போயிருக்கும். ஆகவே அடுத்த முறை ஊரில் எது காணாமல் போனாலும், "யார் எடுத்தது, யார் பார்த்தது?" என்று கேளுங்கள். "என்ன சாதி?" என்று கேட்காதீர்கள். ஊர்க் கோடியில் கூடாரம் இருந்தால், அங்குள்ள பிள்ளைகளைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள்.

எந்தக் குழந்தையும் திருடனாகப் பிறப்பதில்லை.