ஸர்வீஸ் புக் இல்லாத உத்தியோகம்

(கட்கியில் நடந்த குடும்ப சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது, "டி.வி. சீரியலைப் பற்றிப் பேசட்டுமா?" என்று செயலாளரிடம் கேட்டேன். "தாராளமாப் பேசுங்கோ மாமி. ஆனா சீரியல் மாதிரி இழுக்காம, சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சுடுங்கோ" என்றார். அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சுருக்கமாகவே சொல்கிறேன்.

சீரியல் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு அலட்சியம் உண்டு. மாமியார் கொடுமை, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பது, அரை மணி நேரத்தில் பாதி விளம்பரம். இதெல்லாம் உண்மைதான். வியாழக்கிழமைதோறும் வருகிற ரேட்டிங்கைப் பார்த்துக் கதையை நீட்டுவதும் குறைப்பதும் நடக்கிற வியாபாரம் அது. ஆனாலும் 1999-ல் ராதிகாவின் 'சித்தி' வந்தபோதும், பிறகு 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' வந்தபோதும், தமிழ்நாட்டில் மட்டுமல்ல, கேபிள் இணைப்பு இருந்த தமிழ்க் குடும்பங்களில் எல்லாம் சாயங்கால வேலைகள் சீரியலை அனுசரித்துத்தான் நடந்தன. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1500 எபிசோடுகளைத் தாண்டியது. இத்தனை பேர் இத்தனை வருஷம் ஒரு விஷயத்தைப் பார்க்கிறார்கள் என்றால், அதில் அவர்களுடைய சொந்தக் கவலை ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது விஜய் டி.வி.யில் 2020 ஜூலையில் ஆரம்பித்து 2025 ஆகஸ்டில் முடிந்த 'பாக்கியலட்சுமி'. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கதை நம் ஊர்க் கதையும்கூட. மூலக்கதை வங்காளத்தில் லீனா கங்கோபாத்யாய் எழுதிய 'ஸ்ரீமயி', 2019-ல் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் மராத்தியில் ஸ்டார் பிரவாஹ் சானலில் 'ஆயி குடே காய் கர்தே' என்று ஆரம்பித்தார்கள். பிறகு ஹிந்தியில் 'அனுபமா', தெலுங்கில் 'இன்டின்டி க்ருஹலக்ஷ்மி', மலையாளத்தில் 'குடும்பவிளக்கு'. மொழி மாறியது, பாத்திரங்களின் பெயர் மாறியது, புடவைக் கட்டு மாறியது. பிரச்சினை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன ஒரு இல்லத்தரசி. மூன்று குழந்தைகள், மாமனார், மாமியார். அதிகம் படிக்காதவள், இங்கிலீஷ் தெரியாதவள் என்று கணவனுக்கு அவளை நாலு பேர் முன்னால் அழைத்துப் போகவே வெட்கம். அவனுக்கு இன்னொரு பெண்ணிடம் நாட்டம். உண்மை தெரிகிறது, விவாகரத்து ஆகிறது. அவள் தன் காலில் நிற்கிறாள். தமிழில் சுசித்ரா பாக்கியாவாகவும், சதீஷ்குமார் கணவன் கோபியாகவும் நடித்தார்கள். மராத்தியில் மதுராணி பிரபுல்கர் அருந்ததியாக நடித்தார்.

எங்கள் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளும் நானும் ஆளுக்கு ஒரு மொழியில் இந்தக் கதையைப் பார்த்து வந்தோம். மராத்தி சீரியல் ஏழு மாதம் முன்னதாக ஆரம்பித்ததால், அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். காய்கறி வண்டிக்காரன் வரும் நேரத்தில் அவர் சொல்லிவிடுவார், நான் சஸ்பென்ஸ் இல்லாமல் பார்ப்பேன். அருந்ததி 2023-ல் ஆசுதோஷ் என்பவரை மறுமணம் செய்துகொண்டபோது, "உங்கள் பாக்கியாவுக்கும் சீக்கிரம் கல்யாணம்தான்" என்றார். வங்காளத்து ஸ்ரீமயிக்கு ஆயிற்று, அனுபமாவுக்கு ஆயிற்று. தமிழில் பழனிச்சாமி என்ற நல்ல நண்பர் வந்தார். ஆனால் பாக்கியா கடைசி வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இதைப் பற்றி எங்கள் இருவருக்கும் நல்ல வாக்குவாதம். ஐம்பது வயசில் ஒரு துணை கிடைத்தால் என்ன தப்பு என்பது அவர் கட்சி. துணை வேண்டுமா வேண்டாமா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும், மறுமணம் செய்துகொண்டாலும் சரி, செய்துகொள்ளாவிட்டாலும் சரி, இரண்டுமே கௌரவம்தான் என்பது என் கட்சி. இன்றும் இந்த வழக்கு தீரவில்லை.

ஆனால் தமிழில் செய்த இன்னொரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த மாதிரிக் கதைகளில் குறுக்கே வரும் பெண் வழக்கமாக வில்லியாக இருப்பாள். இங்கே ராதிகா கோபியின் கல்லூரிக் காலத்துத் தோழி. கல்யாண வாழ்க்கையில் கஷ்டப்பட்டுப் பெண் குழந்தையோடு தனியாக இருப்பவள். பாக்கியாவுக்கும் அவள் சிநேகிதி. இந்தச் சிநேகிதியின் கணவன்தான் அந்த மனுஷன் என்று அவளுக்கே வெகுநாள் தெரியாது. ஒரே ஆளால் இரண்டு பெண்கள் ஏமாற்றப்படுகிறார்கள். வீட்டில் ஒரு தவறு நடந்தால் உடனே "எவள் அவள்?" என்று கேட்பது நம் வழக்கம். "நம் பிள்ளை என்ன செய்தான்?" என்று முதலில் கேட்கத் தோன்றுவதில்லை. மாமியார் ஈஸ்வரியின் பாத்திரம் இதைத்தான் காட்டியது. கெட்டவள் இல்லை, மருமகள் பேரில் பாசமும் உண்டு. ஆனால் தராசு எப்போதும் பிள்ளை பக்கமே சாயும். மாமனார் ராமமூர்த்திதான் நியாயத்தைப் பேசினார். இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் ஈஸ்வரி, ராமமூர்த்தி வயசுக்காரர்கள். நம் வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் நாம் யாராக இருப்போம் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். மராத்திப் பெயரைக் கவனியுங்கள். 'ஆயி குடே காய் கர்தே' என்றால், "அம்மா அப்படி என்னத்தைச் செய்துவிடுகிறாள்!" என்று அர்த்தம். வீட்டில் குழந்தைகள் சர்வ சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை. இந்தக் கேள்விக்கு சீரியல் என்ன பதில் சொல்லிற்று? அருந்ததி பாட்டுப் பாடிப் பெயர் வாங்கினாள். அனுபமா நாட்டியம் கற்றுக்கொடுத்தாள். பாக்கியா மசாலாப் பொடி விற்று, கேட்டரிங் எடுத்து, ஓட்டல் நடத்தினாள். பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். பாடத் தெரியாத, ஆடத் தெரியாத, வியாபாரம் செய்ய வராத ஒரு பாக்கியா இருந்தால்? அவள் இருபத்தைந்து வருஷம் சமைத்துப் போட்டது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, குழந்தைகளைப் படிக்க வைத்தது எல்லாம் கணக்கில் வராதா? சம்பாதித்துக் காட்டிய பிறகுதான் மரியாதை என்றால், கோபி சொன்னதை சீரியலும் பாதி ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுகிறது.

நம் கட்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1869-ல் ஆரம்பித்த அம்யூனிஷன் ஃபாக்டரி, டிப்போக்கள், பாம்பே ஸாப்பர்ஸ் என்று ராணுவத்தைச் சேர்ந்த உத்தியோகங்களை நம்பி தெற்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. நாங்களும் அப்படித்தான் வந்தோம். என் கணவர் வேலையில் சேர்ந்த அன்றே அவருக்கு ஒரு ஸர்வீஸ் புக் திறந்தார்கள். இன்கிரிமென்ட், லீவு, ப்ரமோஷன் எல்லாம் அதில் ஏறின. ரிடையர் ஆன அன்று மாலை, சால்வை, பேச்சு. அதே ரயிலில் அவரோடு வந்திறங்கிய நான், ரேஞ்ச் ஹில்ஸ் குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து, கட்கி பஜாரில் விரலைக் காட்டி விலை பேசியே மராத்தி கற்றுக்கொண்டேன். இங்கே இருக்கும் மாமிகள் பலர் கதையும் இதுதான். நமக்கு ஸர்வீஸ் புக் கிடையாது. ரிடையர்மென்ட்டும் கிடையாது.

அரசாங்கமே இதைக் கணக்கெடுத்திருக்கிறது. 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாமல் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். அப்படி வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிஷம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருஷத்தில் நமக்குப் பத்து நிமிஷம் மிச்சமாயிற்று. அதை ஆண்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று பார்த்தால், அவர்களும் ஒன்பது நிமிஷம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்!

கோர்ட்டுகளும் கவனிக்க ஆரம்பித்திருக்கின்றன. டெல்லியில் சாலை விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் நஷ்டஈட்டு வழக்கில், 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் போல ஒரு மதிப்புப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றது. நீதிபதி ரமணா அந்தத் தீர்ப்பில், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வீட்டு வேலையே தங்கள் முக்கியத் தொழில் என்று சொன்ன பெண்கள் சுமார் 16 கோடிப் பேர் என்று எடுத்துக்காட்டினார்.

அதைவிட நமக்கு நெருக்கமானது 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பு. கணவன் பல வருஷம் சவூதியில் வேலை செய்து பணம் அனுப்பினார். மனைவி ஊரில் குழந்தைகளை வளர்த்து, குடும்பத்தை நடத்தி, சொத்தும் வாங்கினார். திரும்பி வந்த கணவர், எல்லாம் என் பணம் என்று வழக்குப் போட்டார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவனால் நிம்மதியாக வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்த உழைப்பும் சொத்து வாங்கியதில் ஒரு பங்குதான் என்று சொல்லி, சில சொத்துக்களில் மனைவிக்குச் சரிபாதி கொடுத்தார் நீதிபதி. சீரியலில், வீட்டுக்காகத் தான் செலவழித்த பணத்துக்குக் கோபி கணக்குக் கேட்பான். திருப்பித் தருகிறேன் என்று பாக்கியா ரோஷமாகச் சொல்வாள். நம் பெண்கள் எல்லாரும் கை தட்டினோம். ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு, அவள் ஏன் திருப்பித் தர வேண்டும் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு. பார்லிமெண்டில் இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கோர்ட்டுக்குப் போய் வாங்குவதைவிட வீட்டிலேயே கொடுத்துவிடுவது சுலபம். அதற்கு நான் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, பாங்க் கணக்கு. பென்ஷன் வரும் கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், மனைவி பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பென்ஷன் ஆர்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ஃபாமிலி பென்ஷனுக்காகத் துக்கத்தின் நடுவில் ஒரு மாமி காகிதம் தேடி அலைவது பரிதாபம்.

இரண்டாவது, உயில். நாமினேஷன் போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பொதுவாக நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவரே தவிர, அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. உயில் எழுதுவது அபசகுனம் இல்லை.

மூன்றாவது, வீடு. பிள்ளைகள் ஃப்ளாட் வாங்கும்போது மருமகள் பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் முத்திரைத் தீர்வையில் 1 சதவீதம் சலுகை என்று மகாராஷ்டிர அரசு 2021-ல் அறிவித்தது. இதே அரசு, 2024 மே 1-ம் தேதி முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயரை அடுத்து அம்மா பெயர், பிறகுதான் அப்பா பெயர் என்று உத்தரவு போட்டது. நாம் பிழைக்க வந்த மண் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது.

நான்காவது, நம் பேச்சு. பெண் அழுதுகொண்டு போன் செய்தால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று முழுசாகக் கேளுங்கள். மருமகள் சொன்னால் அதைவிடப் பொறுமையாகக் கேளுங்கள். எல்லாக் குடும்பச் சண்டையும் பிரிவில் முடிய வேண்டியதில்லை. அதே சமயம், பிரிந்து வந்த பெண்ணைக் கல்யாணம் கார்த்திகைக்கு அழைக்கத் தயங்குகிற வழக்கமும் நமக்கு வேண்டாம். முதல் பந்தியில் நம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வோம்.

கடைசியாகப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். நம் பத்திரிகைகளில் வரும் வரன் விளம்பரங்களைப் பாருங்கள். தகப்பனார் ரிடையர்டு மானேஜர், அண்ணா அமெரிக்காவில் இன்ஜினீயர் என்றெல்லாம் விவரமாக இருக்கும். தாயார் என்ற இடத்தில் 'ஹவுஸ் வைஃப்' என்று ஒரே சொல். பல விளம்பரங்களில் அதுவும் இருக்காது. அடுத்த தடவை விளம்பரம் எழுதும்போது ஒரு வரி கூடுதலாகப் போடுங்கள். மூன்று குழந்தைகளை ஆளாக்கியவர், மாமியாரைப் பத்து வருஷம் படுக்கையில் பார்த்துக்கொண்டவர், நாலு பாஷை பேசுபவர் என்று எது நிஜமோ அதை எழுதுங்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கூடத்தான் ஆகும். பரவாயில்லை, கொடுக்கலாம்.

 சமையல்கட்டில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று பரிமாறும் முறை ஆண்களுடையது என்று கமிட்டியில் தீர்மானித்திருக்கிறார்கள். மாமிகள் முதல் பந்தியில் உட்காரலாம்.