பெட்டிக்குள் ஒரு கிற்றார்



இலக்கிய நிகழ்ச்சியிலே மின்கிற்றாரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னதும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சற்றுத் தயங்கினார். "சேர், யாழ் என்று தலைப்பிட்டால் பொருத்தமாக இருக்குமே" என்றார். யாழும் வரும், ஆனால் பின்னால்தான் வரும் என்று சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டேன். இந்துக் கல்லூரியொன்றில் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் கற்பிப்பவனுக்கு மேனாட்டு வாத்தியத்தோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு என் தாய்மாமனால் வந்தது.

2023 ஆம் ஆண்டு மாமாவின் மகளுடைய கலியாணத்துக்காக லண்டன் போயிருந்தேன். வீட்டுச் சந்தடியெல்லாம் அடங்கிய ஓர் இரவு, மாமா என்னைத் தமது அறைக்கு அழைத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து நீள்சதுரப் பெட்டியொன்றை இழுத்தெடுத்தார். பூட்டு நீங்கி மூடி திறந்ததும் பழைய மரமும் வாணிசும் கலந்த ஒரு வாசனை. உள்ளே, சிவந்த பட்டுத்துணியில் கிடந்தது ஒரு கிற்றார். நடுவில் மஞ்சள், அதைச் சூழச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு என்று அந்தி வானம் போல நிறம் பூசப்பட்ட உடல். 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். என்னை விட மூத்தது. ஆனால் என்னைப் போல நரைக்கவில்லை. என் கை தன்பாட்டில் நீண்டது.

"தொட்டிடாதை தம்பி! வேர்வை பட்டாப் போச்சு" என்றார் மாமா.

"அப்ப நீங்கள் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன் மாமா."

"நான் தொட்டு இருவது வரியத்துக்கு மேலை."

இதைச் சொன்னவர் யார் தெரியுமா? எழுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்து இசைக்குழுவொன்றில் கிற்றார் வாசித்தவர். கோயில் திருவிழாவின் கடைசி இரவிலே விடியும்வரை நின்று வாசித்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப் போய், மறுநாள் சோற்றைப் பிசைய முடியவில்லை என்று அம்மம்மாவிடம் ஏச்சு வாங்கியவர். 1984 இல் லண்டன் சென்று, இரவெல்லாம் பெற்றோல் நிலையத்தில் நின்று உழைத்து, மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து இந்தக் கிற்றாரை வாங்கியவர். அவரா இருபது ஆண்டுகளாகத் தொடவில்லை? என் மனம் அன்றிரவு உறங்கவில்லை. ஊர் திரும்பிய பின் இந்த வாத்தியத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

படித்தபோது முதலிலே என்னை வியப்பில் ஆழ்த்தியது இதற்கும் வானொலிக்கும் உள்ள தொடர்பாகும். இதைப் படைத்த லியோ பெண்டர் இசைக் கலைஞர் அல்லர். கிற்றார் வாசிக்கவே தெரியாதவர். கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்டன் நகரில் 1938 இல் வானொலிப் பெட்டி திருத்தும் கடையொன்றைத் திறந்தவர். உடைந்த வானொலிகளோடு உள்ளூர் வாத்தியக்காரரின் அம்பிளிபையர்களும் அவரிடம் திருத்தத்துக்கு வந்தன. அக்காலத்துக் கிற்றார்கள் வயிறு குழிந்தவை. அவற்றின் ஒலியை மின்சாரத்தால் பெருக்கினால், அம்பிளிபையரிலிருந்து வரும் ஓசை மீண்டும் கிற்றாரின் வயிற்றைத் தாக்கி ஊளையிடும். வயிறே இல்லாமற் செய்துவிட்டால் என்ன? மரக்கட்டையை அறுத்து, அதில் கழுத்தொன்றை நான்கு ஆணிகளால் முடுக்கிவிட்டால் என்ன? இப்படி யோசித்தவர்களில் லியோ தனியானவர் அல்லர். நியூயோர்க்கில் லெஸ் போல் என்ற கலைஞர் 1940 அளவிலேயே பைன் மரத்துண்டில் கம்பி கட்டிப் பார்த்திருந்தார். ஆனால் அதைத் தொழிற்சாலையிலே நூற்றுக்கணக்கில் செய்து, பழுதானால் கழற்றி மாற்றக்கூடிய சாமானாக்கி விற்றவர் இந்த வானொலி திருத்துநரே.

1950 இல் அவர் தமது கிற்றாருக்கு இட்ட பெயர் 'புரோட்காஸ்டர்'. ஒலிபரப்பாளர் என்று பொருள்! கிறெற்ச் என்ற வேறொரு நிறுவனம் அதே ஓசையுள்ள பெயரில் மேளங்கள் விற்று வந்தமையால் எதிர்ப்பு எழுந்தது. உடனே பெயர்ச்சீட்டிலிருந்து அச்சொல்லை வெட்டியெறிந்துவிட்டுச் சில காலம் பெயரில்லாமலே விற்றார்கள். 1951 இல் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் வந்தது. பெயரில்லாமல் விற்ற அந்தச் சில மாதக் கிற்றார்களுக்குத்தான் இன்று சேகரிப்பாளர் மத்தியில் பெரும் போட்டி. பெயருக்காக மனிதர் அலையும் உலகில் பெயரின்மைக்கு விலை கொடுக்கிறார்கள்! ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954 இல் வந்தது. லியோவின் உடல்நலம் குன்றியதால் 1965 ஜனவரியில் நிறுவனம் கைமாறியது. ஒரு கோடி முப்பது இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியது சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம். வானொலிக்காரர் கையிலிருந்து வானொலிக்காரர் கைக்கே போனதென்று சொல்லலாம். ஆனால் புதிய முதலாளிகளின் காலத்தில் வேலைத்தரம் படிப்படியாகத் தாழ்ந்தது என்பது வாத்தியக்காரர் பலரின் முறைப்பாடு. ஆகவே 1965 க்கு முந்தியவை தனிச் சாதியாகிவிட்டன. மாமாவின் கிற்றார் அந்தச் சாதியின் கடைக்குட்டி.

இனி, ஒரு பழைய கிற்றார் கலப்பில்லாதது என்பதை எப்படித் தேர்கிறார்கள்? நேயர்களே, ஏட்டுச்சுவடிக்குப் பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர்கள் தோற்றார்கள்! கழுத்தைக் கழற்றினால் அதன் அடியிலே இறப்பர் முத்திரை இருக்கும். ஓர் எண், பின் மாதம், ஆண்டு. முதலிலுள்ள '2' என்ற எண்ணை நாள் என்று மயங்குவோர் பலர். அது ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குரிய குறி. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியிலுள்ள பாகத்திலும் எண்கள் உண்டு. முற்பகுதி அதைச் செய்த நிறுவனத்தையும், பிற்பகுதி ஆண்டையும் வாரத்தையும் காட்டும். ஈயம் பற்றவைத்த இடம் பளபளப்புக் குன்றி, கை படாததாக இருக்கவேண்டும். வெள்ளையாக இருந்த பிளாத்திக்குத் தகடு காலத்தால் இளம்பச்சையாக மாறியிருக்க வேண்டும். அக்காலத்து லக்கர் பூச்சு, குளிரும் வெப்பமும் மாறி மாறிப் பட்டால் கண்ணாடி விரிந்தாற்போல மயிரிழைக் கோடுகள் விடும். அந்தக் கோடுகளும் சான்றுதான். மறுபடி நிறம் பூசியது என்று கண்டால் மதிப்பு ஏறக்குறையப் பாதியாக விழும் என்பது இவ்வியாபாரிகளின் கணக்கு. எல்லாம் மூலப்படி இருந்தாலோ பத்தாயிரக்கணக்கான டொலர்.

மாமாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலிருந்த வரையில் அவர் வாசித்தார். 2001 இல், குமிழொன்று கரகரக்கிறதென்று ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஒரு ஈயப்பற்றுக்கூட மாறவில்லை என்று சொல்லி விலையையும் சொன்னாராம். அன்று வீட்டுக்கு வந்து பெட்டியில் வைத்தவர்தான். ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார். அவ்வளவே.

இதற்கு நேர் மாறான ஒரு கிற்றாரும் உண்டு. அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலகர் 1963 இல், தமது பதினைந்தாவது வயதில், கோர்க் நகரக் கடையொன்றில் நூறு பவுணுக்கு ஒரு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். அது 1961 இல் செய்யப்பட்டது. மாமாவினுடையதைப் போலவே அந்தி நிறம். அது ஒருமுறை திருட்டுப்போய்ப் பள்ளத்தில் கிடந்து மீண்டது. 1995 இல் அவர் இறக்கும்வரை அதையே வாசித்தார். அவருடைய வியர்வை பட்டுப் பட்டுப் பூச்சு உரிந்து, இறுதியில் வெறும் மரமே எஞ்சியது. பழுதான பாகங்கள் மாற்றப்பட்டன. கலப்பற்றது எதுவென்று தேடும் சேகரிப்பாளரின் இலக்கணப்படி அது வழுவுடையது. ஆனால் 2024 ஒக்ரோபரில் லண்டன் ஏலத்தில் எட்டு இலட்சத்து எண்பதாயிரம் பவுணுக்கு மேல் விலைபோய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாயிற்று. எரிக் கிளப்டனின் கறுப்புக் கிற்றாரும் மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் பாகங்களைக் கழற்றிப் பொருத்திய ஒட்டுவேலைதான். 2004 இல் அது ஒன்பது இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரம் டொலருக்கு மேல் பெற்றது. புகழ்பெற்றவர் தொட்டதால் வந்த விலை என்பீர்கள். உண்மைதான். ஆயினும் அந்தப் புகழ் எதனால் வந்தது? தொட்டதனால்தானே!

வேடிக்கை ஒன்றையும் சொல்லவேண்டும். 1995 முதல் பெண்டர் நிறுவனமே புத்தம்புதிய கிற்றார்களை வேண்டுமென்றே சுரண்டி, மங்கவைத்து, பழையது போலாக்கிக் கூடிய விலைக்கு விற்று வருகிறது. உழைக்காமலே தழும்பு வாங்கலாம்.

சேகரிப்பாளரை நான் பரிகசிக்கிறேன் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கேதான் யாழ் வருகிறது. பொருநராற்றுப்படையை வகுப்பிலே நடத்தும் போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் உண்டாகும். அந்தப் புலவர் யாழின் ஒவ்வோர் உறுப்பையும் கண்முன் வைக்கிறார். ஆணி வளையில் வாழும் நண்டின் கண்ணைப் போன்றது. தண்டு தலை எடுத்த பாம்பைப் போன்றது. நரம்பு குற்றியெடுத்த தினையரிசியைப் போலக் குற்றமற்றது. மாணவர் கேட்பார்கள்: "சேர், அது எங்கே இருக்கிறது?" எங்கும் இல்லை. எவர் வீட்டுக் கட்டிலின் கீழும் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, கணிதத்தால் நரம்புகளின் அளவு கண்டு, யாழ் நூலை எழுத நேர்ந்தது எதனால்? பார்த்து அளவெடுக்க ஒரு பழைய யாழ் தானும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியபோது, அவர் ஆராய்ந்து அமைத்த யாழ்கள் இசைக்கப்பட்டன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பெண்டர் நிறுவனமோ 1982 இல் தனது 1957, 1962 மாதிரிகளை மறுபடி செய்ய முற்பட்டபோது, பழைய கிற்றார்களைத் தேடிப் பிடித்து அளவெடுத்தது. அவை யாரோ சிலர் பெட்டியில் வைத்துக் காத்தவை. எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருக்கக் கூடாதா?

ஆனால் யாழ் பெட்டி இல்லாமையால் மட்டும் அழியவில்லை. அதைத் தொடும் விரல்கள் இல்லாமற் போனமையால் அழிந்தது. பாணர் மரபு நின்றது. அதன்பின் மரத்தைக் காத்தும் பயன் என்ன? கிற்றார் உலகில் உயிரோடு இருப்பதற்கு, உலகெங்கும் பிள்ளைகள் மலிவான கிற்றார்களில் விரல் காய்க்கப் பழகிக்கொண்டிருப்பதே காரணம். மாமாவின் பெட்டிக்குள் மரம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒரு திருவிழாக்காரரின் வலக்கை இருபது ஆண்டுகளில் என்னவாயிற்று என்பதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. இதுதான் அன்றிரவு என்னை உறங்கவிடாத கேள்வி.

கற்றவற்றுள் இன்னொரு செய்தி. பிக்கப் எனப்படும் பகுதியில், காந்தங்களைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய செப்புக்கம்பி பல ஆயிரம் சுற்றுச் சுற்றியிருக்கும். மேலே உருக்குக் கம்பி அதிர, அந்தச் சுருளிலே மின்னோட்டம் பிறக்கும். அதுவே அம்பிளிபையருக்குப் போய் ஒலியாகும். ஆனால் அச்சுருள் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை அம்பிளிபையரில் இணைத்துவிட்டுச் சும்மா வைத்தால் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். கம்பிகளோ புவித்தொடுப்பு உடையவை. வாசிப்பவர் கையை அவற்றின் மேல் வைத்ததும் அந்த இரைச்சல் தணியும்.

மாமாவுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். யாழைப் பற்றியும் சொன்னேன். "உன்ரை பாணரிட்டை காப்புறுதி இருந்ததோ?" என்று கேட்டுச் சிரித்தார். நான் விடவில்லை. "விக்கிறதெண்டால் வாசிக்கிறவனுக்கு வில்லுங்கோ மாமா. இல்லாட்டி நீங்கள் வாசியுங்கோ" என்றேன். பெரியவரிடம் அப்படிப் பேசியது அதிகம்தான். அவர் பதில் சொல்லாமல் வேறு கதைக்குப் போய்விட்டார்.

மூன்று வாரங்களுக்குப் பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைத்தொலைபேசிக்கு ஓர் ஒலிப்பதிவு வந்தது. குறிப்பு எதுவும் இல்லை. தொடக்கத்தில் எங்கோ கதவு சாத்தும் சத்தம். பிறகு நெடுநேரம் அந்த ரீங்காரம் மட்டும். ஒன்றுமில்லை என்று நிறுத்தப் போனேன். அப்போது இரைச்சல் தணிந்தது.