ஹார்டு டிஸ்க் சொல்லும் சேதி

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



2025 ஜூனில் ஒன்றிய அரசு உமீத் தளத்தைத் திறந்ததும், ஊர் ஊராக வக்ஃப் பத்திரங்களைத் தேடியெடுத்து ஸ்கேன் செய்தார்கள். அந்த ஸ்கேன்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பல இடங்களில் அலுவலக மூலையில் உள்ள ஒரே கம்ப்யூட்டரில். வீட்டிலும் அதே கதைதான். சபுராளியின் பாஸ்போர்ட் நகல், நிலப் பத்திரம், மௌத்தான அத்தாவின் போட்டோ எல்லாம் ஒரே பெட்டிக்குள்.

ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு. அதைப் படிக்கும் முனை, தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது தட்டினாலும் ஆகாது, கரண்ட் பட்டென்று போனாலும் ஆகாது. 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த நமக்கு யு.பி.எஸ். எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழுதாகும் டிஸ்க் பெரும்பாலும் முன்னாலேயே சாடை காட்டும். நேற்றுவரை உடனே திறந்த ஃபோல்டர் இன்று நிமிடக்கணக்கில் சுற்றும். சில ஃபைல் மட்டும் திறக்காது. ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் விண்டோஸ் தானே டிஸ்க்கைச் சோதிக்கும். "டிக்... டிக்..." என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் நிலைமை முற்றிவிட்டது. வெளியே செருகும் டிஸ்க் அடிக்கடி காணாமல் போனால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். பல நேரம் வயர்தான் குற்றவாளி.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். மஞ்சள் நிறம் வந்தால் எச்சரிக்கை. அதில் 05, C5 என்ற வரிகளைக் கவனியுங்கள். 05 என்பது கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள். C5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். எண் கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

நீலமாக இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007ல் வெளியிட்ட முடிவு இது: சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல் இந்த எண்களில் ஒரு சாடையும் காட்டாமலே போயிருக்கின்றன. இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. அது சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடியது.

சாடை தெரிந்ததும் நம் பிள்ளைகள் செய்வது என்ன? ரிப்பேர் மென்பொருளை ஓட்டுகிறார்கள், ஃபார்மட் அடிக்கிறார்கள். கூடாது. பலவீனமான டிஸ்க்கை அது மேலும் வாட்டும். முதல் வேலை நகல் எடுப்பது. அதிலும் சினிமாவும் பாட்டும் கிடக்கட்டும். பத்திரம், சான்றிதழ், நிக்காஹ் பதிவேடு, போட்டோ என்ற வரிசையில் வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். டிக் டிக் சத்தம் வந்துவிட்டால் அந்த வேலையும் வேண்டாம், உடனே நிறுத்திவிடுங்கள். தரவு மீட்கும் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். "திறந்து பார்க்கிறேன் பாய்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் கடையில் கொடுக்காதீர்கள். தூசி பட்டால் தட்டு போச்சு.

டிஸ்க் நன்றாக இருப்பவர்களும் இரண்டு நகல் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் ஒரே வீட்டில் இரண்டையும் விட்டுவைக்காது. நகலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இரண்டு தம்பிமார்கள் இருப்பார்கள். டிஸ்க்கை வயரோடு கொண்டு வாருங்கள். நகல் எடுக்கக் காலி டிஸ்க் ஒன்றும் கையில் இருக்கட்டும்.