விரல்கள் பார்க்கும் சதுரங்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். சதுரங்கம் என்ற சொல் பாடத்தில் வரும்போதெல்லாம், 'சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படை' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவது வழக்கம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த நால்வகைப் படையை மரத்திலே வெட்டி ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க முற்பட்டபோதுதான், நான் எழுதிப்போட்ட விளக்கம் எவ்வளவு குறைவானது என்பது எனக்கே விளங்கியது. அந்த அனுபவத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எனக்குச் சதுரங்கம் பழக்கியவர் எங்கள் ஊர்க் கணித ஆசிரியர் ஒருவர். அவரைச் சேர் என்றே அழைப்போம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அது 1991 ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஓராண்டு கடந்திருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் துளித்துளியாகவே செலவாகும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரிக்கும் சிறு விளக்குத்தான் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த வெளிச்சத்தில், சேர் வீட்டுத் திண்ணையில், மட்டையிலே கட்டம் கீறிப் பழைய சோடா மூடிகளைக் காய்களாக வைத்து ஆடினோம். மூடிகளின் உட்புறத்தில் எழுத்துகள். 'கு' என்றால் குதிரை, 'ஆ' என்றால் ஆனை, 'தே' என்றால் தேர். மற்றவர்கள் கோட்டை என்பதைச் சேர் தேர் என்பார். மற்றவர்கள் மந்திரி என்பதை ஆனை என்பார்.

திருப்பூவனூர்த் தலபுராணக் கதையையும் அந்தத் திண்ணையிலேதான் கேட்டேன். சதுரங்கத்தில் எவராலும் வெல்லமுடியாத அரசகுமாரி ஒருத்தியோடு, முதியவர் கோலத்தில் வந்த சிவபெருமான் ஆடி வென்றார் என்பது கதை. அங்கே இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அப்பர் பாடிய தலம் அது. கதையை முடித்துவிட்டுச் சேர் தன் சொந்தக் கருத்து ஒன்றைச் சேர்ப்பார்.

“பாத்தீரோ தம்பி, கடவுள் எண்டாலும் பலகைக்கு முன்னால இருந்தால் விதிப்படிதான் ஆடவேணும்.”

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தோம். மட்டையும் மூடிகளும் வீட்டோடு போயின.

காலம் ஓடியது. நான் பட்டம் பெற்று, பயிற்சி பெற்று, ஆசிரியனானேன். சேர் ஓய்வு பெற்றார். பின்னர் குளுக்கோமா என்ற நோய் அவருடைய கண்களைப் பிடித்தது. கண்ணின் உள்ளே அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய் அது. இருப்பதைக் காப்பாற்ற மருந்து உண்டு. போன பார்வை திரும்பாது. சேருக்கு நோய் தெரியவந்தபோது பெரும்பகுதி போய்விட்டது. சில ஆண்டுகளில் முழுவதும் இருண்டது.

ஞாயிறு தோறும் அவரிடம் போவேன். வாய்மொழியாகவே சதுரங்கம் ஆடினோம். பலகை என் பக்கம் இருக்கும். சேர் மனதிலே பலகையை விரித்து நகர்வைச் சொல்லுவார். நான் காயை வைப்பேன். பத்துப் பன்னிரண்டு நகர்வு வரை அவர் மனம் பிசகாது. அதன்பின் சிறிது கலங்கும்.

ஒருநாள் தன் ஆனையை நகர்த்தச் சொன்னார். அந்த ஆனையை நான் நாலு நகர்வுக்கு முன்பே வெட்டிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெட்டுண்ட காயைச் சத்தமில்லாமல் எடுத்துப் பலகையில் திரும்ப வைத்தேன். சேர் அந்த ஆட்டத்தை வென்றார். நல்ல காரியம் செய்தேன் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு அவர் என்னிடம் கேட்டார்.

“தம்பி, போன கிழமை என்ர ஆனையை நீர் வெட்டினனீரெல்லோ? பிறகு அது எப்பிடி உயிர்த்தது?”

நித்திரை வராத இரவிலே முழு ஆட்டத்தையும் அவர் மனதுக்குள் திரும்ப ஆடிப் பார்த்திருக்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

“கண் போனதுக்கு நான் அழேல்லை. உதுக்குத்தான் அழுகை வருது” என்றார். அதன்பின் நான் எவ்வளவு கேட்டும் அவர் ஆடச் சம்மதிக்கவில்லை.

நேயர்களே, இரக்கம் என்று நாம் நினைத்துச் செய்வது சில வேளைகளில் மற்றவரை மனிதக் கணக்கிலிருந்தே தள்ளி வைப்பதாகிவிடுகிறது. தோற்கும் உரிமையையும் நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தேடியபோதுதான் பார்வையற்றோர் ஆடும் சதுரங்கத்தைப் பற்றி அறிந்தேன்.

1961 ஆம் ஆண்டிலேயே மேற்கு ஜேர்மனியின் மெஷெடே நகரில் பார்வையற்றோருக்கான முதலாவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்திருக்கிறது. அவர்களுடைய பலகையில் கறுப்புச் சதுரங்கள் சற்று உயர்ந்திருக்கும். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு துளை. ஒவ்வொரு காயின் அடியிலும் அந்தத் துளைக்குள் பொருந்தும் முளை. கறுப்புக் காய்களுக்கு விரல் அறியத்தக்க தனி அடையாளம். எவ்வளவு தடவினாலும் காய் விழாது. சாதாரண ஆட்டத்தில் தொட்ட காயை நகர்த்தவேண்டும் என்பது விதியல்லவா? இங்கே துளையிலிருந்து காயைக் கழற்றினால்தான் தொட்டதாகக் கணக்கு. அதாவது, விரலால் தடவுவது கண்ணால் பார்ப்பதற்குச் சமம் என்று விதியே ஏற்றுக்கொள்கிறது.

சேரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு இப்படி ஒன்றை என் கையாலேயே செய்து கொடுப்பதென்று தீர்மானித்தேன்.

பலகை கணக்கு வேலை. சதுரம் ஒன்று நாலரை சென்றிமீற்றர். எட்டுச் சதுரத்துக்கு 36. ஓரத்துக்கு இரு பக்கமும் இவ்விரண்டு விட்டால் 40 சென்றிமீற்றர். மூன்று மில்லிமீற்றர்ப் பிளைவுட்டில் 32 துண்டுகள் வெட்டிக் கறுப்புச் சதுரங்களாக ஒட்டினேன். மூலைமட்டம் சிறிது விலகினாலும் எட்டாவது வரிசையில் பிழை பெரிதாகத் தெரியும். முதற் பலகையை அப்படித்தான் எறிந்தேன். பின் 64 துளைகள். சிப்பாயின் அடிப்பாகம் சதுரத்தின் பாதிக்கு மேற்படக்கூடாது. நாலு சிப்பாய்கள் ஒரு சதுரத்துள் அடங்கவேண்டும் என்பது பொதுக் கணக்கு. விரல் நுழைய இடம் வேண்டுமே.

காய்களுக்கு வெள்ளைப் பக்கம் வேம்பின் வெளிறிய வெளிமரம்; கறுப்புப் பக்கம் பூவரசின் கரிய வைரம். ஊர்த் தச்சாசாரியார் ஒருவர் கட்டைகளைக் கடைந்து உருளைகளாக்கித் தந்தார். மிச்சத்தை உளி, அரம், அரத்தாள் ஆகியவற்றோடு நானே செய்தேன்.

இங்கேதான் தமிழாசிரியன் குறுக்கே வந்தான். சேர் சொல்லித்தந்த நால்வகைப் படையை அப்படியே செதுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தும்பிக்கை சுருட்டிய ஆனை, சில்லு வைத்த தேர். முதல் ஆனைக்கு இரண்டு கிழமை பிடித்தது. வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். இன்னதென்று சொல்லாமல் அதைச் சேரின் கையிலே வைத்து, “சேர், இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றேன்.

தலையைத் தடவினார். முதுகைத் தடவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பண்டிக்குட்டியோ?”

எனக்கு முகம் விழுந்துவிட்டது. சேர் அதையும் குரலிலே கண்டுபிடித்துவிட்டார்.

“வேலைப்பாடு வடிவாத்தான் இருக்கும் தம்பி. ஆனால் அது பாக்கிறவனுக்கு. விரலுக்கு இவ்வளவு கதை சொல்லக்கூடாது. ஒரு சொல்லிலை சொல்லவேணும்.”

வீட்டுக்கு வந்து என் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு அந்த ஆனையைத் தொட்டேன். எனக்கே அது ஆனையாகத் தெரியவில்லை. அன்றே செதுக்கல் ஆசையைக் கைவிட்டேன்.

இன்று உலகெங்கும் போட்டிகளில் பயன்படும் காய்களின் வடிவம் 1849 இல் இங்கிலாந்தில் நதானியேல் குக் என்பவரால் பதிவு செய்யப்பட்டது. லண்டனில் ஜோன் ஜாக்ஸ் என்பவருடைய நிறுவனம் அதைச் செய்து விற்றது. ஹோவார்ட் ஸ்ரோண்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரால் அது வழங்குகிறது. அதிலே ஒவ்வொரு காய்க்கும் ஒரே ஓர் அடையாளந்தான். சிப்பாய்க்கு உருண்டைத் தலை, தேருக்கு மதில் முடி, இராணிக்குப் பல் வைத்த கிரீடம், அரசனுக்குச் சிறு சிலுவை. குதிரைக்கு மட்டுமே முகம். மந்திரிக்குத் தலையில் ஒரு வெட்டு. கண்ணுக்கென்று செய்த அந்தச் சுருக்கம் விரலுக்கும் பொருந்தியது.

ஆனையை இழந்த கவலை மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு ஆறுதல் கிடைத்தது. நம் நாட்டுப் பக்கத்து ஆனை பாரசீகம், அரபு வழியாக மேற்கே போனபோது, உருவம் செதுக்காத அந்தக் காய்களில் அதன் இரு தந்தங்கள் மாத்திரம் இரண்டு முனைகளாக எஞ்சின. ஐரோப்பாவில் பலர் அந்த முனைகளை மதகுருவின் தொப்பியாகக் கண்டார்கள். ஆனால் ரஷ்ய மொழியில் அந்தக் காய்க்கு இன்றைக்கும் ஆனை என்றே பெயர். ஸ்பானிய மொழியில் அல்ஃபில் என்பதும் ஆனையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. ஆகவே, அந்த வெட்டை நான் தந்தத்தின் இடைவெளி என்றே எண்ணிக் கொண்டு வெட்டினேன்.

கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சிறு பித்தளை ஆணி வைத்தேன். ஒவ்வொரு காயையும் முடித்தபின் கண்ணைக் கட்டிக்கொண்டு, என் மகள் ஒன்றொன்றாகக் கையிலே வைக்கப் பெயர் சொன்னேன். தடுமாறியவை திரும்ப அரத்துக்குப் போயின. நாலு குதிரைகளுக்கு மட்டும் ஒரு மார்கழி விடுமுறை முழுவதும் போயிற்று.

பிறந்தநாளன்று பலகையைச் சேரின் மடியில் வைத்தேன். ஓரத்தைத் தடவினார். பின்பு உயர்ந்த சதுரம், தாழ்ந்த சதுரம், துளை. ஒன்றும் பேசவில்லை. இடது மூலையில் இருந்த காயைத் தொட்டார்.

“தேர்.”

அடுத்தது. “குதிரை.”

அதற்கடுத்த காயில் விரல் நின்றது. வெட்டுக்குள் நகத்தை வைத்துப் பார்த்தார். “ஆனை” என்றார். குரல் சிறிது கம்மியது.

நகர்வைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்பதும் விதி. எழுத்துகள் காதில் மாறுபடாதிருக்க, உலகப் போட்டிகளில் எட்டு நிரல்களுக்கும் அன்னா, பெல்லா, சீசர் என்று பெயர் வைத்துச் சொல்லுவார்கள். நாங்கள் அரிச்சுவடியை எடுத்தோம். அம்மா, ஆடு, இலை, ஈட்டி, உரல், ஊஞ்சல், எலி, ஏணி. கணக்காக எட்டு.

“உரல் நாலு” என்று சொல்லிச் சேர் சிப்பாயைக் கழற்றி நட்டார்.

நேயர்களே, கையால் செய்த பொருள் என்பதற்காகவே ஒரு பரிசு உயர்ந்துவிடாது. என் முதல் ஆனையும் கையால் செய்ததுதான். அதிலே நான் என் திறமையைக் கொடுத்தேன். வாங்குபவரின் விரலை நினைக்கவில்லை. இன்று வகுப்பில் சொற்பொருள் எழுதும்போதும், கட்டுரை ஒன்றை எழுதி முடிக்கும்போதும், அந்தப் பண்டிக்குட்டி எனக்கு ஞாபகம் வருகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருமுறை தடவிப் பார்க்கிறேன்.

அன்றைய ஆட்டம் இரண்டு மணித்தியாலம் நடந்தது. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வென்றேன். சேர் தன் அரசனைக் கழற்றி என் கையிலே தந்தார். பின்பு பலகையில் எஞ்சிய காய்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார்.

“என்ன சேர் தேடுறியள்?” என்று கேட்டேன்.

“வெட்டுப்பட்ட ஆனை திரும்ப வந்து நிக்குதோ எண்டு பாத்தனான்” என்று சொல்லிச் சிரித்தார். “இல்லை. சரி, அடுத்த ஞாயிறு வாரும்.”