வரைவிலிருந்து யாரை வெளியேற்றுகிறோம்?

(மறைமலைநகரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாவல் எழுதப் பழகும் எவரும் முதலில் கேட்கும் அறிவுரை, "வெட்டு" என்பதுதான். கதையை நகர்த்தாத காட்சியை எடுத்துவிடு. இரண்டு பாத்திரங்கள் ஒரே வேலையைச் செய்தால் ஒன்றை நீக்கு. வாசகருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லாதே. நல்ல அறிவுரைதான். ஆனால் எந்த வாசகருக்குத் தெரிந்தது? யாருடைய கதை நகர வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் கத்தரியை எடுத்தால், ஊரில் யார் ஓரத்தில் நிறுத்தப்பட்டார்களோ அவர்களேதான் நாவலிலும் முதலில் வெட்டுப்படுவார்கள்.

வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. இந்தக் கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு 1975இல் வெளிவந்தது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1977இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அந்த நாவலில் நாம் யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம்? நகரத்தில் படித்து கிராமத்துக்கு வந்து சேரும் கோபால், சிவா என்ற இருவரின் கண் வழியாக. பண்ணையாரின் வெறிக்குக் காரணமாக அவருடைய ஆண்மைக்குறைவு முன்னால் வந்து நிற்கிறது. கூலிப் பிரச்சினை நாவலில் இல்லாமல் இல்லை. ஒருவருடைய உளவியல் சிக்கலுக்குப் பின்னால் அது போய்விடுகிறது. இடதுசாரிகள் அன்றைக்கே இதைக் கண்டித்தார்கள்.

அதே வெண்மணியை 1999இல் சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' நாவலில் உழைப்பவர்கள் பக்கம் நின்று எழுதினார். 2014இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'தி ஜிப்ஸி காடஸ்' நாவலில், கதைசொல்லி வாசகரோடு நேரடியாக மல்லுக்கு நிற்கிறார். இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்ற தடுமாற்றத்தையே நாவலுக்குள் வைக்கிறார். சம்பவம் ஒன்றுதான். எதை வைத்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதில்தான் மூன்று நாவல்களும் வேறுபடுகின்றன.

இதுவரை சொன்னது மற்றவர்கள் நம்மை வெட்டுவது பற்றி. நாமே நம்மை வெட்டிக்கொள்வது இதைவிடச் சிக்கலானது.

ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. அதில் வரும் காத்தமுத்து ஒரு தலித் தலைவர். அடிபட்டு வந்து நிற்கும் தங்கத்துக்காக ஆதிக்க சாதியினரை எதிர்த்து நிற்கிறார். காவல் நிலையத்தில் எடுபடும்படி புகாரை எப்படி எழுத வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அதே காத்தமுத்து ஏற்கெனவே இரண்டு மனைவிகள் உள்ளவர். தன்னிடம் அடைக்கலம் தேடி வந்த தங்கத்தையும் தனக்கு உரியவளாக்கிக்கொள்கிறார். மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலைவரின் இந்தப் பக்கத்தை வெட்டியிருந்தால் நமக்கு வசதியான நாவல் கிடைத்திருக்கும். தங்கம் கிடைத்திருக்க மாட்டாள்.

சிவகாமி அதோடு நிற்கவில்லை. 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவல் எழுதினார். முதல் நாவலை எழுதிய எழுத்தாளரே அதில் பாத்திரம். தான் எதைச் சொன்னோம், எதை விட்டோம், ஏன் அப்படி எழுதினோம் என்று தன் நாவலையே விசாரணைக்கு உட்படுத்துகிறார். பின்னர் இரண்டையும் ஒரே நூலாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வெட்டியதற்கும் எழுத்தாளர் கணக்குச் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழில் எனக்குத் தெரியவில்லை.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம் பக்கத்திலேயே சண்டை நடந்தது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் ஆரோக்கியம்தான் அதன் மையம். நமக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை வெளியே காட்டினால் எதிரிக்குத்தானே ஆயுதம் கிடைக்கும் என்று கேட்டார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியவள் ஆரோக்கியம். சேரிக்குள்ளும் கீழே வைக்கப்பட்டவளை, சேரியின் மானம் காக்க நாவலிலிருந்தும் வெளியேற்றச் சொல்கிறோம்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவல் பஞ்சமி நிலத்தைப் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கும் நிலத்தை முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. நூறு ஆண்டு கழித்து, அந்த நிலத்தை மீட்கத்தான் மாமல்லபுரம் அருகே காரணையில் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

வரைவில் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது.

ஒன்று, வெள்ளைக்கார ஆட்சியர். அவர் குதிரையில் வந்து இறங்கி, சேரியைப் பார்த்து மனம் கலங்கும் காட்சி எழுத எளிது, படிக்கவும் இனிக்கும். அதை எடுத்துவிட்டேன். அவருடைய அறிக்கை நாவலில் இருக்கும். ஆள் இருக்க மாட்டார். மிராசுதார்களின் எதிர்ப்பை மீறி தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். நிலம் கேட்கத் துணிந்தவர்கள் அவர்கள்.

இரண்டு, துப்பாக்கிச் சூடு. உயிர் கொடுத்த இருவரையும் பாத்திரங்களாக்கி, அவர்கள் பேசாததைப் பேச வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர்கள் இருக்கும், கற்பனை வசனம் இருக்காது. ரத்தக் காட்சியை ஒரு பத்தியாகக் குறைத்தேன். மறுநாள் அந்த ஊர்களில் அடுப்பு எரிந்ததா, யார் யார் வேலைக்குப் போனார்கள் என்பதை நீட்டினேன். நாம் சாகும்போது மட்டும் நம்மைப் பார்க்கப் பழகிய வாசகர் நாம் வாழ்வதையும் பார்க்கட்டும்.

மூன்றாவதுதான் கடினம். என் நாவலில் ஒரு பெரியவர், மகளின் கல்யாணக் கடனுக்காகத் தன் பஞ்சமி நிலத்தைச் சொற்ப காசுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். வரைவைப் படித்த தோழர் ஒருவர் கேட்டார்: "நீங்களேதானே விற்றீர்கள் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறான். இதை அச்சிலும் கொடுக்கணுமா?" நியாயமான கேள்வி. ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுப் பலகைகள் நிற்கும் ஊரில் இருந்துகொண்டு அதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனாலும் அந்தக் காட்சி இருக்கும். ஏனென்றால் அந்த நிபந்தனையே இப்படிப்பட்ட நெருக்கடியை எண்ணித்தான் போடப்பட்டது. கடன் வரும், நெருக்குவார்கள், விற்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் விற்கக்கூடாது என்றார்கள். பெரியவரை மறைத்தால், வாங்கக்கூடாது என்று தெரிந்தே வாங்கியவனும், பதியக்கூடாததைப் பதிந்து கொடுத்த அலுவலகமும் அவரோடு சேர்ந்து மறைந்துவிடுவார்கள். காட்சியை வெட்டுவதற்குப் பதில் நீட்டியிருக்கிறேன். பத்திரம் எழுதும் மேசையில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள். முன்பு பெரியவர் மட்டும் தனியாகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

இங்கே எழுத முயலும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். வெட்டுங்கள். அழகுக்காக வைத்த வருணனையை, முழக்கத்தைத் திரும்பச் சொல்லும் வசனத்தை, நாம் எவ்வளவு படித்திருக்கிறோம் என்று காட்டும் பக்கங்களைத் தயங்காமல் வெட்டுங்கள். ஒரு மனிதரை வெட்டும்போது மட்டும் வெட்டிய தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். இவர் போனதால் யாருக்கு வசதி என்று அதன் மேல் ஒரு வரி எழுதுங்கள். பதில் கதைக்கு என்றால் நல்லது. பதிலில் வேறு யாருடைய பெயராவது வந்தால், அந்தத் தாளைத் திரும்ப உள்ளே வையுங்கள்.