பிள்ளைகளின் எழுத்துக்கு ஒரு வாசகர்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுதுகிற எழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தேர்வுக்கு எழுதுவதைச் சொல்லவில்லை. தான் பார்த்ததையும் கேட்டறிந்ததையும் இன்னொருவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பிள்ளை எழுதுகிறதே, அதைச் சொல்கிறேன். கையெழுத்துப் பத்திரிகை, சுவரிதழ், மன்ற அறிக்கை எல்லாம் அதில் அடக்கம். நம் ராமநாதபுரம் சீமையில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. திருப்புல்லாணியில்.

ஆதிஜெகநாதப் பெருமாளைச் சேவிக்கவும் சேதுக்கரையில் நீராடவும் வருகிறவர்கள் அந்த ஊரின் அரசுப் பள்ளியைக் கவனித்திருக்க மாட்டார்கள். சுரேஷ் சுதா அழகன் நினைவு அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே ஆசிரியர் வே. ராஜகுருவின் பொறுப்பில் 2010இல் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கியது. பிள்ளைகள் தமிழி, வட்டெழுத்து ஆகிய பழைய எழுத்துகளைக் கற்றார்கள், கல்வெட்டைப் படி எடுக்கப் பழகினார்கள், சுற்றுவட்டாரத்தில் பழைய தடயங்களைத் தேடினார்கள், கண்டதை எழுதினார்கள்.

படி எடுப்பது எப்படியென்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எழுத்துப் பயிற்சியே அதில்தான் இருக்கிறது. கல்லை முதலில் தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் இறங்கும்படி தட்ட வேண்டும். பிறகு மை ஒற்ற வேண்டும். மேடு கறுக்கும், பள்ளத்திலிருக்கும் எழுத்து வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்து எழுத வேண்டும். சிதைந்த இடத்தில் இன்ன சொல்தான் இருந்திருக்கும் என்று தோன்றலாம். தோன்றியதையெல்லாம் எழுதிவிடக் கூடாது. புள்ளி வைத்து, இங்கே எழுத்து அழிந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். கண்டதையும் தான் ஊகித்ததையும் பிரித்து எழுதப் பதினான்கு வயதில் ஒரு பிள்ளை பழகிவிட்டால், அதற்கு மேல் எந்தக் கட்டுரை இலக்கணமும் பெரிதில்லை.

தேடுவதற்கு இந்தக் கரையில் பஞ்சமுமில்லை. வைகை கடலில் கலக்குமிடத்தில் அழகன்குளம். ரோமானியக் காசுகள் கிடைத்த ஊர். திருப்புல்லாணிக்குப் பக்கத்திலேயே பெரியபட்டினம். 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. திருப்புல்லாணி மாணவி ஒருவர் கண்டெடுத்துக் கொண்டுவந்த செப்புக்காசு, ராஜராஜ சோழன் காலத்து ஈழக்காசு என்று அறியப்பட்டது. ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் அரசன் பெயர். மாணவர்களின் இத்தகைய கண்டுபிடிப்புகள் நாளிதழ்களில் செய்தியாக வந்தன. தங்கள் ஊரைப் பற்றித் தாங்கள் சொன்னதை முன்பின் தெரியாதவர்கள் படிக்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. 'எங்கள் ஊர்' என்று வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், எல்லா நோட்டிலும் ஊர் இயற்கை வளம் மிக்கதாகவே இருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. படிக்கப்போகிறவர் ஆசிரியர் ஒருவர்தான். அவருக்கு ஊரும் தெரியும், வரவேண்டிய வாக்கியமும் தெரியும். தெரிந்தவருக்கு எதைப் புதிதாகச் சொல்வது? தெரியாத ஒருவர் படிப்பார் என்றால், அதே பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும். எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, யார் சொன்னது என்று தானாகவே விவரம் சேர்க்கும்.

பிரான்சில் செலஸ்டின் பிரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1924இல் இதைத்தான் செய்தார். வகுப்பறையில் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வைத்தார். பிள்ளைகள் வெளியே போய்ப் பார்த்துவந்ததை எழுதினார்கள், வகுப்பாகச் சேர்ந்து திருத்தினார்கள், தாங்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அச்சான தாள்கள் தொலைவில் பிரிட்டனிக் கடலோரத்தில் இருந்த இன்னொரு பள்ளிக்குப் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. பிரெனேயின் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கடலைத் தங்கள் வயதுப் பிள்ளைகள் எழுதியே அறிந்துகொண்டார்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வளர்கிற பிள்ளைக்கு வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று தெரியும். எந்தக் காற்றில் வல்லம் இறங்கும், எதில் இறங்காது என்று தெரியும். அம்மா தீவுப் பக்கம் போய் எடுத்துவரும் கடற்பாசி மரிக்கொழுந்துப் பாசியா கட்டைக்கோரையா என்று பார்த்தவுடனே சொல்லும். இவை எந்தப் பாடநூலிலும் இந்த அளவுக்கு இல்லை. பாம்பனில் மீனவ மக்களுக்காகவே 2016இல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி தொடங்கி, இந்தக் கடலோரப் பேச்சுக்கு ஒலிபரப்பில் இடம் கிடைத்தது. பள்ளி நோட்டில் இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. 'கச்சான்' என்று எழுதினால் சிவப்பு மையால் அடித்து 'மேற்குக் காற்று' என்று மாற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு இது மனம் பொறுக்காத செயல். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், தகவல் தப்பென்றால் கேளுங்கள். சொல்லைப் பிடுங்காதீர்கள்.

இன்னொரு குறையும் உண்டு. கையெழுத்துப் பத்திரிகை பெரும்பாலும் ஆண்டு விழாவுக்குத் தயாராகும், மேசையில் ஒரு நாள் இருக்கும், பிறகு பீரோவுக்குள் போய்விடும். ஆர்வமுள்ள ஆசிரியர் மாறுதலாகிப் போனால் அதுவும் நின்றுவிடும். பள்ளிக் கல்வித் துறை 2022இல் ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய சிறார் இதழ்களைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் மாநிலம் முழுமைக்குமான இதழில் ஒரு வகுப்பிலிருந்து எத்தனை பேர் எழுதிவிட முடியும்? பக்கத்து வட்டாரம் வரைக்கும் போகிற சிறிய இதழ் ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டும்.

பார்த்துப் படிப்பதும் பிறருக்கு எழுதுவதும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு அப்துல் கலாமை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்ட வகுப்பைக் கடற்கரைக்கே கூட்டிப்போனார். பின்னால் சென்னை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, நம் விமானத்தை நாமே உருவாக்க வேண்டும் என்று கலாம் தமிழில் கட்டுரை எழுதிப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். கரையில் கண்ணால் பார்த்துப் படித்த பிள்ளை, பொறியியலைத் தாய்மொழியில் பிறருக்கு எழுதிச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றும் கமுதி பக்கத்துப் பள்ளி ஒன்றும் சோடி சேரலாமே. ஒரே மாவட்டம்தான், ஆனால் இங்குள்ள பிள்ளைக்குக் குண்டு மிளகாய்க் களம் தெரியாது, அங்குள்ள பிள்ளைக்குக் கருவாட்டுக் களம் தெரியாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. எப்போது நாற்று விடுவார்கள், எத்தனை நாள் காய வைப்பார்கள், களத்தில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் எழுதட்டும். மீனுக்கு உப்புப் போடும் கணக்கை இவர்கள் எழுதட்டும். மாதம் ஒரு முறை, நாலு பக்கம், தபால் செலவு மட்டும். வந்த இதழை வகுப்பில் உரக்கப் படித்து, புரியாத இடங்களைக் கேள்வியாக எழுதி அடுத்த தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் பிள்ளைகள் பாட்டியிடமும் படகு வைத்திருக்கும் சம்மாட்டியிடமும் போகட்டும்.